ஆர்டிசோக்கை வாழைப்பூவாக ஆய்ந்தவன்

எனக்கு முதலில் கெடுதல் செய்தவர் செல்லையா அண்ணன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமையல் வேலையில் உப்புக் கூடினால் தண்ணீர் ஊற்றலாம், காரம் கூடினால் தேங்காய் அரைத்துவிடலாம், பெயர் கெட்டால் எதை ஊற்றினாலும் சரிவராது. அடுப்படியில் நின்று பேச்சு வாங்கிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். கொடைக்கானல் மேல்மலையில் போளூர் என்கிற கிராமத்தில் பூண்டுக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு கொடைக்கானலில் ஏரிக்கு மேலே இருக்கிற ஒரு கெஸ்ட் ஹவுஸில் இரண்டாவது சமையல்காரனாகச் சேர்ந்தேன். எனக்கு மேலே பெருமாள்மலைக்காரர் செல்லையா அண்ணன்.

கூடையில் வந்த பூ

ஒரு நாள் காலையில் தோட்டத்துக்காரர் ஒரு கூடை ஆர்டிசோக் கொண்டுவந்து இறக்கினார். தாமரை மொட்டு மாதிரி இருந்தது. மீன் செதில்போல இதழ்மேல் இதழாக மூடி, நுனியில் முள். மத்தியானம் நான்கு விருந்தாளிகளுக்கு அதைச் செய்து வைக்கச் சொன்னார் முதலாளியம்மா. செல்லையா அண்ணனோ அடுக்கம் கிராமத்தில் தங்கை பேத்திக்குக் காதுகுத்து என்று பையோடு வாசலில் நிற்கிறார். "அண்ணே, இதை என்னண்ணே செய்யிறது?" என்று பின்னாலேயே ஓடினேன். "ஏலே, வாழைப்பூ மாதிரிதாண்டா. ஆளை விடு, பஸ்ஸு போயிரும்" என்றார்.

வாழைப்பூவை எப்படி ஆய்வோம்? மேல்மடலை உரித்து எறிந்துவிட்டு உள்ளே இருக்கிற பூவை எடுப்போம். அப்படியே செய்தேன். பாத்திரம் கழுவுகிற பாண்டியம்மாவும் நானும் உட்கார்ந்து இதழை எல்லாம் பிய்த்து மாட்டுத் தொட்டியில் போட்டோம். நடுவில் பஞ்சு மாதிரி ஒரு நார்க் கொத்து இருந்தது. அதை வழித்து மோரில் போட்டு, கடுகு தாளித்து, தேங்காய் தூவிப் பொரியல் செய்தேன். அடியில் இருந்த கிண்ணம் போன்ற சதையையும் கட்டை என்று மாட்டுக்கே போட்டாயிற்று. தின்ன வேண்டியது இதழின் அடிச்சதையும் அந்தக் கிண்ணமும்தான், எறிய வேண்டியது அந்த நார் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு மாடு நல்ல விருந்து சாப்பிட்டது. சாப்பாட்டு அறையில் நான்கு பேரும் முறை வைத்து இருமினார்கள். அதில் வயதானவர் ஒருவர் தண்ணீரைக் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, சட்டியில பூனை எதுவும் படுத்து எந்திரிச்சுதா?"

துண்டுக்குள் போன கை

முதலாளியம்மா சமையற்கட்டுக்குள் வந்தார். "இதை ஆய்ஞ்சது யாரு?" என்றார். அந்தப் பூவின் சாறு பட்டால் விரல் கறுத்துப்போகும். இரண்டு நாளைக்குப் போகாது. நான் என் கையைத் தோள் துண்டில் சுருட்டிக்கொண்டேன். பாண்டியம்மாவின் கை பாத்திரம் கழுவுகிற தொட்டி விளிம்பில் கறுப்பாக இருந்தது. அம்மா அதைப் பார்த்தார். பாண்டியம்மா என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து அவளுக்கு அறை கூட்டி, குளியலறை கழுவுகிற வேலை. கொடைக்கானலில் மார்கழிக் காலைத் தண்ணீரில் கை வைத்தவர்களுக்குத் தெரியும், அது தண்ணீர் இல்லை, ஊசி. சமையற்கட்டில் அடுப்புச் சூடாவது இருந்தது. நான்தான் ஆய்ந்தேன் என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் என்னைப் பூண்டுக் காட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். வாளியோடு என்னைக் கடந்து போகும்போது அவள் நின்று சொன்னாள்: "விடுங்கண்ணே, கக்கூஸு கழுவுறதுல எதை வைக்கிறது எதை எறியிறதுன்னு கொழப்பமே வராது."

அண்ணன் திரும்பி வந்தார்

காதுகுத்து முடிந்து வந்த செல்லையா அண்ணன் நடந்ததைக் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வெட்டுனா வாழைப்பூ மாதிரி கறுத்துப்போகும், மோர்ல போடணும்னு சொன்னேன்டா" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் வாயிலிருந்து அன்று மோர் வரவில்லை, பஸ்தான் வந்தது.

"அண்ணே, நீங்க அரைகுறையாச் சொல்லிட்டுப் போனீங்கன்னு அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. ஆய்ஞ்சது நாந்தான்னு நானும் சொல்லிர்றேன். அந்தப் புள்ள பாவம்" என்று கெஞ்சினேன். அவர் முதலில், நான் அடுத்து. என் கணக்கு அப்படி. அவர் வெங்காயக் கூடையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏலே வாழைப்பூ, எனக்கு ஆயிரம் சோலி கெடக்கு. நீ வழிச்ச நாருக்கு நானா வக்கீலு?"

பச்சையாகக் கேட்ட டாக்டர்

இனி அவரிடம் எதையும் கேட்பதில்லை என்று வைராக்கியம் வந்துவிட்டது. கழித்துப் போட்ட ஆர்டிசோக்குகளை எடுத்து நானே பழகினேன். முள் நுனியை வெட்டி, தலைகீழாக வைத்து அவிக்க வேண்டும். இழுத்த இதழ் கையோடு வந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு இதழாக எலுமிச்சையும் வெண்ணெயும் தொட்டு, அடிச்சதையைப் பல்லால் வழித்துத் தின்ன வேண்டும். கடைசியில் நாரைக் கரண்டியால் சுரண்டி எறிந்தால் கிண்ணம் மிஞ்சும். இரும்புச் சட்டி ஆகாது, எல்லாம் கறுத்துவிடும்.

மதுரையிலிருந்து வந்த ஒரு டாக்டரம்மா அதைப் பச்சையாகவே வேண்டும் என்றார். நார் இன்னும் பிடிக்காத பிஞ்சாகப் பொறுக்கி, வெங்காயத்தைவிட மெல்லிசாகச் சீவி, எலுமிச்சை பிழிந்து, உப்பும் எண்ணெயும் விட்டேன். யாரும் இருமிவிடக் கூடாதே என்று முதலில் நான் தின்று பார்த்தேன். துவர்ப்பு, பின்னால் ஒரு கசப்பு. தண்ணீர் குடித்தேன், நெல்லிக்காய் தின்றதுபோல இனித்தது. தட்டை வைத்துவிட்டுத் தண்ணீர்ச் செம்போடு பக்கத்திலேயே நின்றேன். "ஏங்க, ஊசி போட்ட பேஷண்டைப் பாக்குற மாதிரி என்னையே பாக்குறீங்க?" என்று டாக்டரம்மா சிரித்தார். தட்டில் ஒரு சீவல் மிஞ்சவில்லை. ஜன்னலுக்கு வெளியே பாண்டியம்மா வெடித்த விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அம்மா என் தோளைத் தட்டிச் சொன்னார்: "முருகேசா, உன் கைக்கு மோதிரம் போடணும்."

வாசற்படியில் காட்டிய கை

செல்லையா அண்ணன் வேலையை விட்டுப் பெருமாள்மலைக்கே போய்விட்டார். நான் தலைமைச் சமையல்காரன் ஆனேன். அவர் முதலில் சொல்லட்டும் என்று காத்திருந்ததில் பத்துப் பன்னிரண்டு மார்கழி போய்விட்டது. போன மார்கழியில் புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடந்த காலையில், பாண்டியம்மா வெள்ளனே வந்து சமையற்கட்டு வாசற்படியில் நின்றாள். "உள்ள வரலண்ணே, கையை மட்டும் சூடு காட்டிக்கிறேன்" என்றாள். இத்தனை வருடத்தில் அந்தப் படியை அவள் தாண்டியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு பிஞ்சைச் சீவி, எலுமிச்சையும் உப்பும் போட்டுக் கொடுத்தேன். தின்று முகத்தைச் சுளித்தாள். தண்ணீர் குடித்துவிட்டு, "அட, தண்ணி இனிக்குதுண்ணே" என்றாள். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். கையை அடுப்புப் பக்கம் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "அது எனக்குத்தான் தெரியுமேண்ணே, தெரியாதவங்ககிட்டப் போயிச் சொல்லுங்க."

இரண்டு வாசல்

அந்தப் பிஞ்சைச் சீவிக் கறுத்த விரலைக் கழுவாமலே போய் அம்மாவிடம் நீட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலாம். என் கையைப் பார்த்தார். பிறகு பாண்டியம்மாவைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து சமையற்கட்டுக்கு வரச் சொன்னார். அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "வாரேன்மா. ஆனா பூ ஆயிறதை அண்ணனே ஆயட்டும், நான் அடுப்புப் பக்கமா உக்காந்து பாத்துக்கிர்றேன்."

அந்த வாரமே பெருமாள்மலைக்குப் போனேன். செல்லையா அண்ணன் டீக்கடை பெஞ்சில் கம்பளியோடு உட்கார்ந்திருந்தார். "அண்ணே, நான் அம்மாகிட்டச் சொல்லிட்டேன். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார், பிறகு கடைக்காரரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "நம்ம வாழைப்பூ வந்திருக்கான், அவனுக்கு ஒரு டீ போடுப்பா, வெரசா!"

என் பங்கு வெட்கத்தை நான் வைத்துக்கொள்கிறேன், ஆனால் செல்லையா அண்ணனின் பங்கும் இத்தனை வருடமாக என்னிடமே கிடக்கிறது, அதை அவர் இன்னும் வந்து எடுத்துக்கொண்டு போகவில்லை.