சிக்கனமாகப் பனி பார்த்து வந்த கதை

நேற்று காலை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினோம், நானும் அம்மாவும்.

போய் வந்தது வடக்கே ஒரு பனிமலைக்கு. பனிச்சறுக்கு விளையாடுவார்களே, அந்த மாதிரி ரிசார்ட்!

(நம்பாதவர்களுக்கு: நான் ஜவுளிக் கடையில் பில் போடுகிறவள். அம்மா கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டுக்குப் போகிறவள். லாட்டரி எதுவும் விழவில்லை.)

என் தம்பி பிரபு அங்கே ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறான்.

அரசு வேலைக்குப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினவன். லிஸ்ட் வரும் நேரத்தில் இட ஒதுக்கீட்டுப் பிரச்சினை பெரிதானது. ஒரு பக்கம் மறியல், ஒரு பக்கம் கோர்ட்டு. லிஸ்டை நிறுத்தி வைத்தார்கள்.

ஒரு வருஷம் காத்திருந்தான். பிறகு யாரோ நண்பன் கூப்பிட்டான் என்று ரயிலேறிவிட்டான். ரெண்டு வருஷமாக ஊருக்கு வரவில்லை.

போன மாதம் போன் பண்ணினான்.

"யக்கா, நான் இப்ப அசிஸ்டென்ட் மேனேஜரு. ஸ்டாஃபு குடும்பத்துக்கு ரூமு ஃப்ரீ. அம்மாவ இட்டுனு வா!"

ரூம் ஃப்ரீ என்றதும் எனக்குள் இருந்த சிக்கனக்காரி எழுந்து உட்கார்ந்தாள்.

ஸ்லீப்பர் கிளாஸ். கூட்டம் இல்லாத வார நாட்கள். சீசன் முடியப் போகும் நேரம். கோட்டும் பூட்ஸும் மேலே போய் எடுத்தால் இரட்டை வாடகை என்று அடிவாரத்திலேயே எடுத்தோம். புளிசாதம், பருப்புப் பொடி, ஒரு பெரிய ஃப்ளாஸ்க். (ரெண்டு நாள் ரயிலில் எங்கள் பெட்டி முழுக்கப் புளி வாசனை. மன்னிக்கவும்!)

கிளம்பிய அன்றும் உளுந்தூர்பேட்டையில் அதே இட ஒதுக்கீட்டு மறியல். பஸ்சிலேயே மூன்று மணி நேரம். ரயிலைத் தவற விடாதது எங்கள் நல்ல நேரம்.

அம்மா ஜன்னல் வழியாக ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு எப்பதான் ஒரு முடிவு வருமோ. வந்தாதான் எம்புள்ள வூடு திரும்புவான்" என்றாள்.

மலையில் பஸ் நின்றதும் தம்பி ஓடி வந்தான். கோட்டு, டை எல்லாம் போட்டிருந்தான். ஆனால் ரொம்ப இளைத்திருந்தான்.

அம்மா அவன் கன்னத்தைத் தொட்டாள். "இன்னாடா இது, தோலு இப்பிடி வெடிச்சிக் கெடக்குது?"

"குளுருல எல்லாருக்கும் இப்பிடித்தாம்மா."

தன் கையுறையைக் கழற்றி அம்மாவுக்கு மாட்டிவிட்டான். "எனக்கு வேற இருக்குது."

அன்று மதியம் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் சறுக்குக் கட்டை வாடகைக்கு எடுத்தேன். ஏழு தடவை விழுந்தேன்! அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்துக்கொண்டே எட்டாவது தடவையும் விழுந்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு எழுந்தபோது அம்மாவைப் படுக்கையில் காணோம்.

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே தேடிப் போனேன். நன்றாக விடிந்திருந்தது. ராத்திரி கொட்டிய பனி முழங்கால் உயரத்துக்கு இருந்தது.

ஹோட்டலின் பின்பக்கப் படிகளில் தம்பி பனியை வாரிக்கொண்டிருந்தான். கோட்டும் இல்லை, டையும் இல்லை. கையில் கையுறைக்குப் பதில் பழைய சாக்ஸ் ஒரு ஜோடி.

பக்கத்தில் அம்மா! இன்னொரு மண்வாரியை எடுத்து அவளும் வாரிக்கொண்டிருந்தாள். அவன் கையுறை அவள் கையில். சேலை முந்தானை இடுப்பில் செருகியிருந்தது.

"எம்மா, வுடும்மா. யாருனா பாத்துடப் போறாங்க" என்று தம்பி கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"பாக்கட்டும். உன்னும் எத்தினி படி இருக்குது?"

"நுப்பது."

"தினமுமா?"

அவன் அடுத்த படிக்கு இறங்கினான்.

நான் அங்கேயே நின்றேன். யாரும் எனக்கு எதையும் விளக்கவில்லை. விளக்க வேண்டியும் இருக்கவில்லை.

படிகள் முடிந்ததும் அம்மா சொன்னாள். "வந்துடுடா. இருக்கிறத வச்சிப் பொழச்சிக்கலாம்."

"வந்து இன்னாம்மா பண்றது? கரும்பு வெட்டவா? அதுக்கா என்னப் படிக்க வச்ச?"

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான். "ரோட்டுல உக்காந்தவங்களுக்கும் ஒரு நாயம் இருக்குதுக்கா. கோர்ட்டுக்குப் போனவங்களுக்கும் ஒரு நாயம் இருக்குது. யாரத் திட்டுறதுன்னுகூடத் தெரியல."

அன்று நாங்கள் சறுக்கு விளையாடப் போகவில்லை.

கிளம்பும் நாளில் ரிசப்ஷனில் ஒரு சந்தேகத்துக்குக் கேட்டேன். ஸ்டாஃப் குடும்பத்துக்கு இலவசம் என்று எந்த ஏற்பாடும் இல்லையாம். ரூம் வாடகையைத் தம்பி சம்பளத்தில் மூன்று மாதம் பிடித்துக்கொள்வார்களாம்.

என் கார்டை நீட்டினேன். பின்னாலேயே வந்த தம்பி என் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டான்.

"அம்மாவ நான் ஒரு வாட்டி டூரு இட்டுனு வரக் கூடாதாக்கா?"

கார்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

நாங்கள் வந்துவிட்டோம். அவன் அங்கேதான் இருக்கிறான்.

நேற்று மாலை அம்மா அவனுக்குப் போன் போட்டாள். எப்போதும் முதலில் சாப்பிட்டியா என்றுதான் கேட்பாள். நேற்று அப்படிக் கேட்கவில்லை.

"இன்னிக்குப் பனி கொட்டுச்சாடா?"

"இல்லம்மா. இங்க நல்ல வெயிலு."

அம்மா நிம்மதியாகப் போனை வைத்தாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. என் போனில் அந்த ஊர் வானிலையைத் திறந்து பார்த்தேன். விடிந்ததிலிருந்து விடாமல் பனி. நாளைக்கும் பனி!

"இன்னாடி போன்ல பாக்கிற?" என்றாள் அம்மா.

"அந்த ஊரு வெதருதாம்மா. வெயிலுன்னுதான் போட்டிருக்குது" என்றேன்.