பிழையில்லாத கொப்பி

கம்பஸுக்கு, அதுதான் பல்கலைக்கழகத்துக்கு, யார் இலவசமாகப் போகலாம், யார் போகக்கூடாது என்று நானும் ஒருமுறை தீர்ப்பு எழுதியிருக்கிறேன். என் சொந்தக் கையால், கோடு போட்ட தாளில், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

இப்போது நான் இருக்கும் வெள்ளவத்தை மாடி வீட்டில், கம்பஸ் சோதனை முடிவு வந்தால் லிஃப்டுக்குள்ளேயே சண்டை தொடங்கிவிடும். கொழும்புப் பிள்ளைக்கு ஏன் இவ்வளவு புள்ளி வேண்டும், தூரத்துப் பிள்ளைக்கு ஏன் அவ்வளவு போதும், வசதியுள்ளவனின் பிள்ளைக்கும் அரசாங்கம் ஏன் சும்மா படிப்பிக்க வேண்டும் என்று படித்தவர்கள் எல்லாம் கத்துவார்கள். என்னிடம் ஒருவரும் கேட்பதில்லை. நாலாம் வகுப்புத் தாண்டாத கிழவிக்கு என்ன தெரியும் என்று நினைப்பார்களாக்கும். நானும் என் மாடி வந்ததும் இறங்கிவிடுவேன். சொல்லத் தொடங்கினால் லிஃப்ட் ஏறி இறங்கும் நேரம் காணாது.

அந்த நாளில் நாங்கள் இதே வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையின் கடைசி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். ரயில் வந்தால் சுவரில் பிள்ளையார் படம் ஆடும். யார் என்ன கதைத்துக்கொண்டிருந்தாலும் ரயில் போய் முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருந்து, பிறகு விட்ட சொல்லிலிருந்து எடுத்துத் தொடருவோம். வந்த விருந்தாளிகளும் இரண்டாம் ரயிலுக்குள் இதைப் பழகிவிடுவார்கள்.

அப்பா புறக்கோட்டையில் ஒரு இரும்புக்கடையில் கிளாக்கர். அக்கா டொக்டராக வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. அக்கா கெட்டிக்காரிதான். ஆனால் கொழும்பில் கெட்டிக்காரர் கூட. கம்பஸில் படிப்பு இலவசம், இடமோ கொஞ்சம். அதனால் அரசாங்கம் இடங்களை மாவட்டத்துக்கு இவ்வளவு என்று பிரித்துவிட்டது. நல்ல பள்ளிக்கூடம் இல்லாத மாவட்டத்துப் பிள்ளை குறைந்த புள்ளியோடும் உள்ளே போகலாம். இதைக் கேள்விப்பட்டதும் அப்பா ஒரு ஏற்பாடு செய்தார். மன்னார்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த சித்தப்பா, தன் பள்ளிக்கூட இடாப்பில் அக்காவின் பெயரைப் பதிந்தார். அங்கே அக்காவுக்கு ஒவ்வொரு நாளும் வரவு விழுந்தது. இங்கே அக்கா வெள்ளவத்தையில் டியூஷனுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்பா இதைச் 'சின்னதொரு ஒழுங்கு' என்பார். அதில் பிழை இருப்பதாக எங்கள் வீட்டில் ஒருவரும் நினைக்கவில்லை. அயலில் வேறு வீடுகளும் செய்ததுதானே.

சோதனைக்கு மட்டும் அக்கா ஒரு மாதம் மன்னாருக்குப் போய் நின்றாள். திரும்பி வந்தபோது, சித்தப்பா வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பிள்ளையைப் பற்றியே கதைத்தாள். இருவரும் ஒரே விளக்கில் படித்தார்களாம். அந்தப் பிள்ளையின் தகப்பன் கடலுக்குப் போகிறவர். அவள் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிக்கச் சோதனைக்குழாய் கிடையாது. வாத்தியார் கரும்பலகையில் குழாயைக் கீறி, அதற்குள் நிறம் மாறுகிறது என்று சோக்கினால் நிறம் தீட்டிக் காட்டுவாராம். "நான் அவவுக்கு எங்கட டியூஷன் நோட்ஸைக் குடுத்தனான். அவ எனக்கு ஒவ்வொரு நாளும் அவிச்ச பனங்கிழங்கு கொண்டு வந்து தந்தவ," என்றாள் அக்கா. எனக்குப் பனங்கிழங்கு கொண்டுவரவில்லையே என்றுதான் நான் கோபித்தேன்.

முடிவு வந்தது. மன்னார்க் கணக்கில் அக்காவுக்கு டொக்டர் படிப்புக் கிடைத்தது. சித்தப்பாவின் கடிதத்தில், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொஞ்சப் புள்ளியால் தவறிவிட்டது, தகப்பன் கலியாணம் பேசுகிறார் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. அப்பா அந்த வரியை வாசிக்காமல் கடிதத்தை மடித்தார். அக்கா பிறகு எடுத்து வாசித்தாள்.

கொட்டாஞ்சேனையில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, கேள்விப்பட்டு வந்தார். அவருடைய மகன் இரண்டு முறை எடுத்தும் கொழும்புக் கணக்கில் எடுபடவில்லை. கேசரியை வாயில் போட்டுக்கொண்டு, "அத்தான், வெள்ளவத்தையில படுத்துக்கொண்டு மன்னாரில பாஸ் பண்ணுற வித்தையை எங்களுக்கும் காட்டித் தந்திருக்கலாமே," என்றார். அப்பா சிரித்தார். ஆனால் இரண்டாம் தேத்தண்ணி குடிக்கச் சொல்லவில்லை.

எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தது அக்காதான். பின்னேரங்களில் என்னை இருத்தி, சொல்வதெழுதுதல் வைப்பாள். என் எழுத்து உருண்டையாக, ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். ழகரத்துக்கு மட்டும் நான் கீழே நீட்டி ஒரு வால் வைப்பேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, வகுப்பில் அப்படி எழுத வேறு பிள்ளை இருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மாவும் கோவிலுக்குப் போன நேரம் அக்கா என்னைக் கூப்பிட்டாள். "இண்டைக்குக் கொப்பியில வேண்டாம். இந்தத் தாளில எழுது," என்றாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். சுட்டெண், பரீட்சார்த்தி, வதிவிடம் என்று எல்லாம் பெரிய பெரிய சொற்கள். இந்தச் சுட்டெண்ணுக்குரிய பரீட்சார்த்தி அந்த மாவட்டத்தில் வாழ்ந்தவரல்ல, தயவுசெய்து விசாரித்து அந்த இடத்தை அங்குள்ள பிள்ளைக்கே கொடுக்கவும் என்று வந்தது. கடைசி வரியை மட்டும் அக்கா தாளை வாங்கி, இங்கிலீசில் பெரிய எழுத்தால் தானே எழுதினாள். எனக்கு இங்கிலீஸ் தெரியாது. அது எங்கள் விலாசம் என்பதும் தெரியாது.

"ஒரு பிழையும் இல்லை," என்றாள்.

"அப்ப சரி போடு."

"இதுக்குச் சரி போடேலாது. நீ எழுதினதெண்டு அப்பாட்டச் சொல்லாத. அம்மாட்டையும் சொல்லாத. என்ர தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

அடுத்த மாதம் ஒரு பின்னேரம் அப்பா வேர்த்து விறுவிறுத்து வந்தார். கல்விக் கந்தோரில் தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார், யாரோ அக்காவுக்கு எதிராகப் பெட்டிசம் எழுதிப் போட்டுவிட்டார்கள், சனிக்கிழமை வீட்டுக்கு விசாரணைக்கு ஆள் வருகிறது என்று. அக்காவின் சட்டைகள், செருப்பு, புத்தகம் எல்லாம் டிரங்குப் பெட்டிக்குள் போய்க் கட்டிலுக்குக் கீழே மறைந்தன. என்னை முன்னால் நிறுத்தி அப்பா பாடம் கேட்டார்.

"அக்கா எங்க?"

"மன்னாரில. சித்தப்பா வீட்டில."

"எப்ப வருவா?"

"தீவாளிக்கு. பிறகு போயிடுவா."

"ஆர் கேட்டாலும்?"

"ஆர் கேட்டாலும்."

சாப்பிடும்போது கேட்டார், குளித்துவிட்டு வரும்போது கேட்டார். அப்பா என்னிடம் பாடம் கேட்டது வாழ்க்கையில் அந்த மூன்று நாள்தான். நான் ஒருமுறையும் தவறவிடவில்லை. அக்கா மட்டும், பின்னேரம் சொல்வதெழுதுதல் வைக்கும்போதுகூட, என் முகத்தைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை வந்த மனிதர் மெலிந்தவர், தமிழர். குடையைக் கதிரையில் கொழுவி, மடியில் பைலை வைத்துக்கொண்டார். அக்கா குசினித் திரைக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் நின்றாள். அவர் அப்பாவிடம் கேட்டார், அப்பா சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, அக்கா எங்க இருக்கிறா?"

நான் பாடத்தை ஒப்புவித்தேன். தீபாவளி வரைக்கும் ஒப்புவித்தேன். ஆடிக்கொண்டிருந்த அப்பாவின் கால் நின்றது. வந்தவர் எழுதிக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவரோ பைலுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து அப்பாவிடம் நீட்டினார்.

"இதுதான் வந்த பெட்டிசம். ஆரின்ர எழுத்தெண்டு தெரியுதோ?"

எட்டிப் பார்த்தேன். ழகரங்கள் எல்லாம் வாலை நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்தன. நான் எழுதிய சொல்வதெழுதுதல் இந்த மனிதரிடம் எப்படிப் போனது? பெட்டிசம் என்பது அதுதானா? எங்கள் வீட்டை மூன்று நாளாகத் தலைகீழாக்கியது என் எழுத்தா?

அப்பா அதை இரண்டு தரம் வாசித்தார். என் கொப்பியை ஒருநாளும் திறந்து பார்க்காத மனிதருக்கு அது யாரோ ஊர்ப்பிள்ளையின் எழுத்து. "எனக்குத் தெரியும் ஐயா, இது கொட்டாஞ்சேனையான்ர வேலை! தன்ர பெடியனுக்குக் கிடைக்கேல்லை எண்ட எரிச்சல்," என்றார்.

"ஆரின்ர வேலையெண்டது எனக்குத் தேவையில்லை. சின்னப்பிள்ளை ஒண்டைக் கொண்டு எழுதுவிச்சிருக்கினம். ஆனா பாருங்கோ, ஒரு பிழை இல்லை."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பயத்துக்குள்ளும் எனக்குச் சந்தோசம் வந்தது.

அம்மா அப்பாவின் தோளுக்கு மேலால் குனிந்து தாளைப் பார்த்தாள். என் கொப்பிகளுக்கு அட்டை போட்டது அம்மா. அவளுடைய கை என் பின்னலைப் பிடித்தது. வலிக்கும்படி பிடித்தது.

"பிள்ளை எத்தனையாம் வகுப்பு?" என்று வந்தவர் என்னைக் கேட்டார்.

"நாலு."

"கொப்பி ஒண்டு கொண்டுவாங்கோ, பாப்பம்."

அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். பிள்ளையார் ஆடினார். அன்றைக்கு அது எத்தனை பெட்டியோடு வந்ததோ, முடியவே இல்லை. அப்பா வந்தவரைப் பார்த்தார், வந்தவர் என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஒருவரையும் பார்க்கவில்லை.

ரயில் போனதும் முதலில் வாய் திறந்தது அம்மாதான்.

"அவளிட்டக் கொப்பி கேட்டு என்ன செய்யப் போறியள் சேர்? இவள் சரியான மக்கு. எழுத வாசிக்க ஒண்டும் வராது. தன்ர பேரையே பிழையாத்தான் எழுதுவாள்." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

என் அம்மா. அந்நிய மனிதர் முன்னால். எனக்குக் காது இரண்டும் சுட்டது. அப்பாவின் பாடமும் போயிற்று, அக்காவின் சத்தியமும் போயிற்று.

"எனக்கு வடிவா எழுத வரும்!" என்று கத்தினேன். "ஒவ்வொரு பின்னேரமும் அக்கா இருத்திச் சொல்லித் தாறவ! நேற்றும் ஒரு பக்கம் எழுதினனான்!"

இன்னொரு ரயில் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை.

"நேற்றோ?" என்றார் வந்தவர். பேனையின் மூடியைப் போட்டார்.

"அது... அவள் பக்கத்து வீட்டு அக்காவைச் சொல்லுறாள், ஐயா," என்றார் அப்பா.

"எந்த அக்கா, பிள்ளை?"

நான் வாயைத் திறக்குமுன் திரை விலகியது. அக்கா கையில் தேத்தண்ணியோடு வந்தாள். பாதி சோசருக்குள் ஊற்றுப்பட்டிருந்தது. பெண் பார்க்க வந்தவருக்குக் கொடுப்பது போல அதை அவர் முன்னால் வைத்தாள்.

"நான்தான் சேர். நான் இஞ்சதான் இருக்கிறன். அவளை இனி ஒண்டும் கேளாதேங்கோ."

அவர் தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். தாளை மடித்துப் பைலுக்குள் வைத்தார். கொப்பியை மறுபடி கேட்கவில்லை. வாசல் படலையில் நின்று, "எழுத்தை விட்டிடாதேங்கோ பிள்ளை," என்று மட்டும் எனக்குச் சொன்னார்.

அக்காவின் இடம் போயிற்று. அந்த மன்னார்ப் பிள்ளைக்கு அது கிடைத்ததா என்று எங்களுக்குத் தெரியாது, சித்தப்பா அதற்குப் பிறகு கடிதம் போடவில்லை. அக்கா டைப் அடிக்கப் பழகிக் கொழும்புக் கோட்டையில் ஒரு கந்தோருக்கு வேலைக்குப் போனாள். அதற்குப் பிறகு அப்பா மாமாவோடு கதைக்கவே இல்லை. மாமா செத்தபோது அம்மா தனியே பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். பெட்டிசம் போட்டது தன் தம்பி இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்வதென்றால் யார் எழுதியது என்றும் சொல்ல வேண்டும்.

அடுத்த தையில் புது வகுப்புத் தொடங்கியபோது எனக்குப் பள்ளிச் சட்டை தைக்கவில்லை. "வாயைக் கட்டத் தெரியாத மக்குக்குப் படிப்பு என்னத்துக்கு?" என்றார் அப்பா. பள்ளிக்கூடம் ஒழுங்கை முனையில்தான் இருந்தது. அது சல்லிக்காசு கேட்கவில்லை, மாவட்டமும் கேட்கவில்லை. நான் வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தேன்.

கனகாலத்துக்குப் பிறகு அக்காவிடம் ஏன் என்று கேட்டேன். "அப்பாட்ட மாட்டன் எண்டு சொல்லப் பயம். பெட்டிசம் போடுறது லேசா இருந்தது. உன்னைத்தான் நான் யோசிக்கேல்லை," என்றாள். அவளும் ஒரு பிள்ளைதானே அப்போது.

ஆனால் அக்காவை விளங்கிக்கொண்ட பிறகும், அந்தச் சனிக்கிழமைப் பின்னேரத்தை விளங்கிக்கொள்ள எனக்கு இன்னும் பல வருசம் பிடித்தது. விசாரிக்க வந்தவர் போனதும் அப்பா முன்னறையில் மாமாவைத் திட்டிக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் படாமல் அம்மா என் கொப்பிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். அடுப்புக்கு முன்னால் குந்தி, ஒவ்வொரு தாளாகக் கிழித்தாள். கிழித்த தாளை உடனே போடவில்லை. நெருப்பு வெளிச்சத்தில் பிடித்து, மேலிருந்து கீழே வாசித்து முடித்துவிட்டுத்தான் போட்டாள்.

"அது பிழையில்லாத கொப்பி அம்மா! எல்லாப் பக்கத்திலயும் சரி போட்டிருக்கு!" என்று அழுதேன்.

"ஓம் பிள்ளை, பாத்தனான்," என்றாள் அம்மா, திரும்பாமல்.

என்னை மக்கென்று சொன்னதை உண்மையாக்கத்தான் எரிக்கிறாள் என்று நினைத்தேன். அவளோடு ஒரு கிழமை, ஏழு நாளும், நான் கதைக்கவில்லை.