போர்டு ரூம் டீயும் முதலாளிகள் வாங்கிய ஷேரும்

ஆபீசில் டீ கொடுக்கிற வேலைக்குக் கை நடுங்காமல் இருந்தால் போதும் என்றுதான் என்னைச் சேர்த்தார்கள். காதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. என்னைப் போல ட்ரே தூக்கும் அக்கா தங்கைகளுக்கு இந்தக் கஷ்டம் புரியும். ஊத்தங்கரைப் பக்கம் கல்லாவியில் எட்டாவது வரை படித்தவள் நான். பிள்ளைகள் இரண்டு பேரும் கல்யாணமாகி அவரவர் குடும்பத்தைப் பார்க்கிறார்கள். நான் ஓசூரில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் பேன்ட்ரியைப் பார்க்கிறேன். முதலாளிகள் அண்ணன் தம்பி இரண்டு பேர். பெரியவர், சின்னவர் என்றுதான் சொல்வோம்.

எத்தனை பஜ்ஜி?

போன வருஷம் பெரியவர் தன் கைக்காசு போட்டு நம்ம கம்பெனி ஷேரையே வாங்கினார். முதலாளிகள் அப்படி வாங்கினால் அந்த விவரம் வெளியாகிவிடுமாம்; போனில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மறுநாள் காலை ஷிப்ட் பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் நேராக பேன்ட்ரிக்கு வந்தார்கள். முதலாளியே வாங்குகிறார் என்றால் உள்ளே ஏதோ பெரிய ஆர்டர் வருகிறது, அது டீக்காரம்மாவுக்குத் தெரியாமல் இருக்குமா என்பது அவர்கள் நினைப்பு.

எனக்கு ஒன்றும் தெரியாது, நேற்று சந்தோஷமாக பஜ்ஜி சாப்பிட்டார், அவ்வளவுதான் என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மத்தியானத்துக்குள் அந்த பஜ்ஜி பெயின்ட் ஷாப் வரைக்கும் போய்விட்டது. சாயங்காலம் குவாலிட்டி செக்‌ஷன் முருகேசன் வந்து நின்றார். தென்காசிப் பக்கத்து ஆள், ரிட்டயர் ஆக இரண்டு வருஷம்தான் இருக்கிறது. "ரெண்டு பஜ்ஜியா மூணு பஜ்ஜியா, சரியாச் சொல்லுங்கம்மா. மனசு சரியில்லைன்னா அவரு ஒண்ணைத் தாண்ட மாட்டாருன்னு கேள்வி."

பட்டியலில் என் பேர்

பஜ்ஜி விஷயம் கம்பெனி செக்ரட்டரி மேடம் காதுக்கும் போயிற்று. ஷேர் விஷயத்தில் எல்லாம் சட்டப்படி நடக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. உள்விவரம் தெரிந்தவர்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். முதலாளிகள், பெரிய ஆபீசர்கள் எல்லோருக்கும் கீழே என் பேரையும் சேர்த்துவிட்டார். என் பேர் அச்சில் வந்தது, கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் அதுதான் முதல் தடவை.

இனி அவரைக் கேட்காமல் நான் ஷேர் வாங்கக் கூடாது. உள்ளே காதில் விழுவதை வெளியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சொன்னால் வேலையும் போகும், கேசும் வரும். அவர்கள் பேசும் இங்கிலீஷ் எனக்கு எங்கே விளங்கப் போகிறது என்று கேட்டேன். மேடம் பேனாவை என் பக்கம் தள்ளினார். "விளங்காம சொன்ன பஜ்ஜிக்கே இந்தப் பாடும்மா. விளங்கி ஏதாவது சொல்லிட்டீங்கன்னா, நானும் உங்களோட சேர்ந்து டீ ஆத்த வேண்டியதுதான்."

அண்ணனுக்கு மேல ஒண்ணு

கையெழுத்துப் போட்ட கையோடு, பேன்ட்ரியில் இருக்கும் முருகன் படத்துக்கு முன்னால் வாய் திறக்க மாட்டேன் என்று சத்தியமும் செய்தேன். அந்த வாரமே சின்னவரும் ஷேர் வாங்கினார். பிறகு பெரியவர் மறுபடி. பிறகு சின்னவர். கம்பெனியே துள்ளியது. விலையும் ஏறிக்கொண்டே போனது.

காரணம் எனக்கு மட்டும் தெரிந்துபோனது. ஆர்டரும் இல்லை, ஒன்றும் இல்லை. போர்டு ரூமில் அவர்கள் அப்பா உட்கார்ந்த நடு நாற்காலி யாருக்கு என்று இரண்டு பேருக்கும் சண்டை. யார் கையில் ஷேர் அதிகமோ அவருக்குத்தானாம். கோபம் வந்தால் அவர்களுக்கு இங்கிலீஷ் மறந்து வீட்டுத் தெலுங்கு வந்துவிடும். ஓசூரில் முப்பது வருஷம் குடியிருப்பவளுக்குத் தெலுங்கு விளங்காமல் போகுமா? இப்போது அவர்கள் ராசியாகிவிட்டார்கள், அதனால் எழுதுகிறேன். சின்னவர் டீயைத் தொடாமல் சொன்னது தமிழில் இப்படி வரும்: "அண்ணன் நூறு வாங்கினா நான் நூத்தியொண்ணு வாங்குவேன். லாபமா நஷ்டமான்னு எவன் பார்த்தான்?"

முருகனிடம் பூ கேட்டது

பெரியவரின் கார் டிரைவர் முனிராஜ் ஊத்தங்கரைக்காரர், என்னை அக்கா என்பார். மகளை நர்சிங் படிக்க வைக்கச் சேர்த்த பணத்தை மொத்தமாக ஷேரில் போடப் போவதாக வந்து சொன்னார். ஃபீஸ் கட்ட இன்னும் இரண்டு மாசம் இருக்கிறது, அதற்குள் இரட்டிப்பாகிவிடுமாம். எனக்கு டிக்காஷன் கையில் கொட்டியது. சண்டை முடிந்தால் வாங்குவது நிற்கும், வாங்குவது நின்றால் விலை இறங்கும். இதற்கு எட்டாவது படிப்பே போதும். சொன்னால் சத்தியம் போகும், வேலையும் போகும். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் படிப்பு போகும்.

சாமிகிட்ட பூ போட்டுப் பார்க்கலாம் என்றேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் மடித்து வைத்து, கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. மடிப்பது என் கை. போர்டு ரூம் ஜாடியில் இருந்த சிவப்பு ரோஜாவைக் கிள்ளி இரண்டு பொட்டலத்திலும் வைத்தேன். முருகா, நான் வாயைத் திறக்கவில்லை, நீயே சாட்சி என்று வேண்டிக்கொண்டேன்.

அவர் எடுத்ததில் சிவப்பு. உடனே இன்னொரு பொட்டலத்தின் மேல் கை போயிற்று. சாமி பதில் சொன்ன பிறகு மற்றதைப் பிரித்தால் குற்றம் என்று இல்லாத சாஸ்திரம் ஒன்றைச் சொல்லி, அதைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். முனிராஜ் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "முருகன் நம்மாளுன்னு நெனச்சேன்க்கா. பெரியவர் மேல அவருக்குத் துளி நம்பிக்கை இல்லையே."

ஃபீஸ் கட்டிய அன்று

ஒரு மாசத்துக்குள் முதலாளிகளின் அம்மா வந்து, நாற்காலி வருஷத்துக்கு ஒருத்தருக்கு என்று தீர்த்துவைத்தார். மறுநாளே இரண்டு பேரும் வாங்குவதை நிறுத்தினார்கள். விலை ஏறிய வேகத்தில் இறங்கியது. பஜ்ஜியை நம்பி ஷேர் வாங்கிய முருகேசன், அந்த வாசனை வந்தாலே வேறு வழியாகப் போகிறார். முனிராஜ் ஃபீஸ் கட்டிய ரசீதையும் அரைக் கிலோ மைசூர்பாகையும் கொண்டுவந்து முருகன் படத்துக்கு முன்னால் வைத்தார்.

பார்த்தீங்களா, சாமி கைவிடவில்லை என்று நான் பெருமையாக ஆரம்பித்தேன். அவர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "அன்னிக்கு நீங்க ட்ரேயோட உள்ள போனதும் கூடையில இருந்ததைப் பிரிச்சுப் பாத்தேன்க்கா. சாமி மட்டும் சொல்லியிருந்தா, கற்பூரம் ஏத்தி மன்னிப்பு கேட்டுட்டு வாங்கியிருப்பேன். ரெண்டும் சிவப்பா இருந்துச்சா, இது உள்ள இருந்து வர்ற சேதின்னு விட்டுட்டேன்."

அன்றிலிருந்து, முதலாளிகள் ஏன் ஷேர் வாங்குகிறார்கள் என்று யார் கேட்டாலும், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சர்க்கரை டப்பாவைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறேன்.