மேரின் தெரிந்தெடுத்த படிப்பு

ஆறு வயதில் மன்னாரிலிருந்து பெற்றோரோடு நோர்வேக்கு வந்த மேரினுக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. வீடு ஒஸ்லோவின் ஸ்டோவ்னரில். வேலை ஸ்ட்ரோம்மனில், ஒரு முதியோர் பராமரிப்பு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில். ஆட்களை எடுப்பது, சுகவீன லீவில் நிற்பவர்களைக் கூப்பிட்டுக் கதைப்பது, ஒருவரை வேலையிலிருந்து நிற்பாட்டும்போது பக்கத்தில் இருப்பது எல்லாம் அவள் தலையில்தான். அதற்கிடையில் சின்னச் சின்னப் படிப்புகளும் படித்தாள். ஒன்றை முடித்த கையோடு இன்னொன்று தேவை என்றார்கள்.

இந்தமுறை அதைச் சொன்னவர் பிரிவுத் தலைவி ஹில்டே. அடுத்த வருடம் தான் ஓய்வு பெறுவதாகவும், தலைமைத்துவத்தில் முதுகலைப் படிப்புக்குப் பதிந்திருந்தால் அந்த இடத்துக்கு மேரினின் பெயரைச் சொல்லலாம் என்றும் சொன்னார். செலவை நிறுவனம் ஏற்கும். நல்ல மனதோடுதான் சொன்னார். மேரின் நன்றி சொல்லிவிட்டு வந்து, கணினியில் பாட விபரத்தைத் திறந்து வைத்தபடி கனநேரம் ஒன்றும் வாசிக்காமல் இருந்தாள்.

அந்தக் கிழமைதான் செபஸ்ரியனை வேலையிலிருந்து நிற்பாட்டுவது பற்றிய கூட்டம் வந்தது. அவர் அங்கே சமையலறையில் வேலை செய்பவர்; ஞாயிறு பூசையில் மேரின் காணும் மனிதர். இடுப்பு வருத்தத்தால் பல மாதமாக லீவில் இருந்தார். இனி வைத்திருக்க ஏலாது என்று மேலே முடிவாகியிருந்தது. அதற்கான கடிதத்தில் 'வேறு பொருத்தமான வேலை இல்லை' என்று ஹில்டே சொன்னபடி எழுதிக் கையெழுத்து வைத்தவள் மேரின்.

தொழிற்சங்கத்திலிருந்து வந்த பெண் குரலை உயர்த்தாமல் ஒன்று கேட்டார். நிற்பாட்டமுன் வேறு வேலை கொடுத்துப் பார்க்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறதே, வேறு என்ன வேலை கொடுத்துப் பார்த்தீர்கள்? ஹில்டே மேரினைப் பார்த்தார். ஒன்றுமே கொடுத்துப் பார்க்கவில்லை. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

வெளியே ஜாக்கெட்டைப் போட்டபடி செபஸ்ரியன் அவளிடம் வந்தார்.

"பிள்ளை, அந்த மனுசி சொன்னமாதிரிச் சட்டத்திலை இருக்கோ?"

"எனக்கு வடிவாத் தெரியாது, அங்கிள்."

அவர் கோபிக்கவில்லை. "உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நான் நினைச்சனான்" என்றுவிட்டு மெதுவாக நடந்து போனார்.

அடுத்த நாட்களில் மேரின் ஒவ்வொரு பகுதிப் பொறுப்பாளரிடமும் தானே போய்க் கேட்டாள். கடைசியில் சாமான்கள் வந்திறங்கும் இடத்தில் பதிவு பார்க்கும் அரைநேர வேலை ஒன்று அகப்பட்டது. செபஸ்ரியன் ஓமென்றார். ஆனால் சமையல்தான் தனக்குப் பிடிக்கும் என்றும் சொன்னார்.

முதுகலைக்குப் பதியும் காலம் முடிய இரண்டொரு நாள் இருக்கும்போது அவள் றஜீவிடம் விசயத்தைச் சொன்னாள். நிலக்கீழ் ரயில் ஓட்டும் அவள் புருசன், காலை வேலை முடிந்து வந்து பருப்பை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தான். முதுகலைக்குப் பதியவில்லை, தொழிற்சட்டம் படிக்கப்போகிறேன் என்றாள்.

"அதைப் படிச்சா உமக்கு ஹில்டேன்ரை இடம் கிடைக்குமோ?"

"இல்லை."

"பின்னை ஏன்?"

"கையெழுத்து வைக்கிறது நான். என்னத்துக்கு வைக்கிறனெண்டு எனக்குத் தெரிய வேணும். ரண்டையும் படிக்க என்னாலை ஏலாது, றஜீவ். ஒண்டுக்கே சீவன் காணாது."

அவன் பருப்பைக் கிண்டினான். பிறகு, வகுப்புள்ள நாட்களில் பிள்ளைகளைத் தான் பார்ப்பதாகச் சொன்னான்.

அந்தக் குளிர்காலம் லேசாகப் போகவில்லை. சிறுவயதிலிருந்து பேசிவந்த நோர்வேஜிய மொழி, சட்டப் புத்தகத்தில் யாரோ ஊர்பேர் தெரியாதவரின் மொழியாக இருந்தது. பஸ்ஸில் புத்தகத்தை மடியில் விரித்தபடியே நித்திரையாகிவிடுவாள். பரீட்சையில் நடுத்தரமான புள்ளிதான் கிடைத்தது. ஆனால் கூட்டங்களுக்கு முன்னால் 'வேறு வேலை இருக்கிறதா என்று இன்னும் பார்க்கவில்லை, ஆளை இப்போது கூட்டத்துக்குக் கூப்பிட முடியாது' என்று அவள் சொல்லத் தொடங்கினாள். ஹில்டேக்கு அது பெரிதாகப் பிடிக்கவில்லை. என்றாலும் கேட்டுக்கொண்டார்.

இளவேனிலில் ஹில்டேயின் இடத்துக்கு ட்ரொன்ட்ஹைமிலிருந்து ஒரு இளம் பெண் வந்தார். முதுகலைப் பட்டம் பெற்றவர், மரியாதையானவர். அவரை வரவேற்கக் கேக் வெட்டிய அன்று தனக்கு அழுகை வரும் என்று மேரின் எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. களைப்புத்தான் வந்தது. வீட்டுக்குப் போய்ச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, றஜீவ் சாப்பிடக் கூப்பிடும்வரை சோபாவில் படுத்துக் கிடந்தாள்.