கிணற்றைத் தூர்த்த வாரம்

நேற்று எங்கள் அடுக்ககத்துக்குப் பின்னால், காலி மனையில் ஆறேழு நெற்பயிர் தானாக முளைத்திருந்தது. புல் என்று நினைத்து அதன்மேல் யாரோ பைக்கை நிறுத்தியிருந்தார்கள். ஒரு நெல் தாளைக் கசக்கி முகர்ந்தேன். அவ்வளவுதான், தனம் அக்கா நினைவில் வந்துவிட்டாள்.

செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு பேரூராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதுவதுதான் என் முதல் வேலை. பேரூராட்சி என்று பலகை இருந்ததே தவிர, ஊர் முழுக்க வயல். நடவு நாளில் ஓர் ஆள் எட்டிப்பார்க்காது. நான் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். கையெழுத்து அழகு என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் வேறு. செத்தவர் பெயரைக்கூடச் சுழித்துச் சுழித்து எழுதுவேன்.

தனம் அக்காவின் வீட்டுக்காரர் எல்லப்பன். ஒரு நடுப்பகலில் மண்வெட்டியோடு மடை மாற்றப் போனவர் திரும்பவில்லை. சுற்றிலும் எல்லாரும் மனைக்கு விற்றுவிட, நடுவில் அவர் வயல் மட்டும் தனியாகக் கிடந்தது. செருப்பு வரப்பில் இருந்தது. போலீஸ் தேடிவிட்டுப் போனது. பக்கத்து நிலத்துப் பொதுக்கிணற்றைத் தூர்க்க மனைக்காரர்கள் லாரியில் மண்ணோடு வந்தபோது, அக்கா ஓடிவந்து என் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"யம்மா, கெணத்த எறைக்காம மூடக் கூடாதுன்னு எய்திக் குடும்மா. அவரு உள்ள கீறாரோ இன்னாவோ."

எழுதினேன். செயல் அலுவலரும் கையெழுத்திட்டார். இரண்டு நாள் இன்ஜின் வைத்து இறைத்ததில் அடித்தரை தெரிந்தது. மண்வெட்டிகூட இல்லை. மூன்றாம் நாள் மூடிவிட்டார்கள்.

உடல் கிடைக்காமல் இறப்பைப் பதிய முடியாது, ஏழு வருடம் காத்திருக்க வேண்டும். இதைச் சொல்லத்தான் அடுத்த வாரம் வயலுக்குப் போனேன். உச்சி வெயில். ஒரு காக்கை இல்லை. கிணறு மண்மேடாகக் கிடந்தது. ஏரி மதகும் அடைத்தாயிற்று. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மடை வெட்டிய மண் ஈரமாக இருந்தது. அதில் மண்வெட்டியின் தடம் பளிச்சென்று பதிந்திருந்தது. அக்கா தூக்குச்சட்டியோடு வரப்பில் உட்கார்ந்திருந்தாள்.

"யாருக்கா மடை தொறந்தது?"

"தெனம் தொறந்துதான் கீது. நான் சோறு எத்துகினு வர்றதுக்குள்ள கெளம்பிப் பூட்றாரு."

அவள் முகத்தில் பயமே இல்லை. வந்த விஷயத்தைச் சொல்லாமல் திரும்பி நடந்தேன். நாலடி போயிருப்பேன். பின்னால் சதக் சதக்கென்று மண் வெட்டும் சத்தம். தண்ணீர் அடுத்த பாத்திக்குப் பாய்ந்தது. திரும்பிப் பார்த்தேன். அக்கா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள், கை இரண்டும் மடியில்.

அந்தப் போகம் நன்றாக விளைந்தது. அறுத்து முடித்ததும் வாய்க்கால் காய்ந்துபோனது. அக்கா பூந்தமல்லியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஏழு வருடம் கழித்து, சான்றிதழுக்கு மனு கொடுக்கச் சொல்லி ஆள் அனுப்பினேன். நெற்றிப் பொட்டோடு வாசலில் நின்று, "எதுக்கு?" என்று கேட்டாளாம்.

போன ஆடியில் அவளும் கண்மூடிவிட்டாள். வயல் இருந்த இடத்தில் கிடங்கு. வரப்பு எது, வாய்க்கால் எது என்று காட்ட ஆளில்லை. எல்லப்பன் என்றால் அங்கே யாருக்கும் தெரியாது. எந்தப் பதிவேட்டிலும் அவர் இன்னும் சாகவும் இல்லை.