இரண்டாம் பிடி

இறுப்பிட்டி மீனாம்பிகை அக்கா 1994ஆம் ஆண்டு மாசி மாதம், ஊரை விட்டு வந்து இருந்த இடத்தில், காய்ச்சலில் காலமானார். பெரிய உத்தியோகம் பார்த்தவர் அல்லர். அவருடைய பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. நான் அவருடைய பக்கத்து வளவுக்காரி. பன்னிரண்டு வருடம் வெள்ளிக்கிழமைகளில் அவரோடு பனையோலைக் கடகம் சுமந்து போனவள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும், கண்டதைக் கண்டபடி எழுத எனக்கு ஏலும்.

அக்கா இருபத்தாறு வயதில் புருசனை இழந்தவர். பிள்ளை இல்லை. ஓலை இழைத்தும், பனங்கிழங்கைக் கிழித்து ஒடியலாய்க் காயவைத்து விற்றும் சீவித்தார். வெள்ளிக்கிழமை விடிய அம்பாளைக் கும்பிட்டுவிட்டு நேரே பிடியரிசி எடுக்கக் கிளம்பிவிடுவார்.

எங்கள் ஊரில் உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் திருப்பி எடுத்து, அடுப்படியில் வேறாக வைத்திருக்கும் ஓலைப்பெட்டியில் போடுவோம். கிழமை முடியச் சேர்ந்ததை அக்காவின் கடகத்தில் கொட்டுவோம். எண்பது வீட்டு அரிசி, பச்சையும் புழுங்கலும், சிவப்பும் வெள்ளையும் ஒன்றாய்க் கலந்திருக்கும். சோறு காய்ச்சினால் ஒன்று வேகும், ஒன்று வேகாது. அதனால் தேத்தண்ணிக் கடைக்காரர்தான் தோசைக்கு என்று மலிவு விலைக்கு வாங்குவார்கள். அந்தக் காசு ஊர்க் கல்வி நிதிக்குப் போகும்.

நிதியின் முறை இதுதான். மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைக்கு மாதாமாதம் காசு கொடுப்பார்கள். வட்டி இல்லை. உத்தியோகம் கிடைத்தபின் பிள்ளை திருப்பிக் கட்ட வேண்டும். அதில் அடுத்த பிள்ளை படிக்கும். ஈட்டுக்குக் காணி உறுதிப் பத்திரம் ஒன்றை வாங்கி வைப்பார்கள். அந்த நாளில் நிதியின் பெருங்காசு தெற்கில் கடை வைத்திருந்த எங்கள் ஊரவர்கள் அனுப்பியது. எங்கள் அரிசிக்காசு அதற்குள் கறிவேப்பிலை போலச் சொற்பம்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் தெற்கில் தமிழரின் கடைகள் எரிந்தன. முதலாளிமார் உடுத்த உடுப்போடு கப்பலில் வந்து இறங்கினார்கள். அதே கப்பலில் எங்கள் ஊர்ச் செல்லாச்சியக்காவின் ஒரே மகன் குலசிங்கமும் வந்தான். தெற்கில் எஞ்சினியர் படிப்பு மூன்றாம் வருடம். படிப்பைத் தொடர வரச்சொல்லிக் கடிதம் வந்தபோது அவன் போகவில்லை. அங்கே என்ன கண்டான் என்று தாய்க்கும் சொன்னதில்லை. யாழ்ப்பாணத்தில் அந்தப் படிப்பு அப்போது இல்லை. ஊரிலே தண்ணீர் இறைப்பு மெசின்களைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தான். நிதியிடம் அவன் வாங்கியிருந்தது ஆறாயிரத்து முந்நூறு ரூபா. ஈடு, செல்லாச்சியக்காவின் நாலு பரப்புப் பனங்காணி. தாய்க்கும் மகனுக்கும் அந்தப் பனைகளில்தான் பாதிச் சீவியம்.

எண்பத்தைந்தில் எங்கள் ஒழுங்கை மனோகரிக்கு யாழ்ப்பாணத்தில் டொக்டர் படிப்புக்கு இடம் கிடைத்தது. தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் என்று மாதம் முந்நூறு ரூபா வேண்டும். தகப்பன் கூலி வேலை. அரிசிக்காசு ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. நிதியில் வேறு காசு இல்லை. குலசிங்கத்தின் கடனை என்ன செய்வது என்று வாசிகசாலையில் கூட்டம் வைத்தார்கள்.

அரிசிக்காசைக் கொடுக்கப் போன அக்காவும் நானும் வாசற்படியோடு நின்றோம். செயலாளர் தம்பிராசா வாத்தியார் காணியை விற்கச் சொன்னார். அவரும் ஒரு காலத்தில் நிதியில் வாங்கிப் படித்தவர்.

“நான் கட்டினனான். மனிசியின்ரை சங்கிலியை வித்துக் கட்டினனான். இப்ப இவருக்குக் கடனை விடுறதெண்டால், கட்டின நான் மடையனோ?”

பொடியன் சோம்பலில் நின்றவன் இல்லையே என்றார் ஒருவர். எரித்தவர்கள்தான் கட்ட வேண்டும் என்றார் இன்னொருவர். அரசாங்கத்துக்கு எழுதுவோம் என்று ஒரு குரல் வந்தது. தெற்கே காலி நகரில் கடையைப் பறிகொடுத்து வந்த தலைவர் ஐயாத்துரை அண்ணை அதைக் கேட்டுச் சிரித்தார்.

“கடை எரிஞ்ச எனக்கே ஒருத்தரும் தரேல்லை. கடைக்கு எடுத்த சாமான் காசை இன்னும் கட்டிக்கொண்டு இருக்கிறன். உவனுக்கு ஆர் தரப்போகினம்? விடுறது எனக்கும் விருப்பம்தான். வாயாலை விடுறது சுகம். மனோகரிக்கு மாதம் முந்நூறு ஆர் குடுக்கிறது, அதைச் சொல்லுங்கோ.”

அப்போதுதான் அக்கா வாய் திறந்தார். அந்த மண்டபத்தில் அவர் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

“தம்பியவை, இந்த ரெண்டு வருசமும் நிதியிலை விழுந்தது அரிசிக்காசு மட்டும்தானே? அப்ப அரிசி போட்டவையைக் கேளாமல் கடனை விடவும் ஏலாது, காணியை விக்கவும் ஏலாது.”

எண்பது வீட்டுப் பெண்டுகளையும் கூட்டி மாநாடு வைப்போமா என்று பின்னால் யாரோ நக்கலடித்தார்கள். “மாநாடு வேண்டாம், தம்பி. வெள்ளிக்கிழமை போகேக்கை கேக்கிறன்” என்றார் அக்கா.

அவர் சொன்ன வழி சின்னது. குலசிங்கத்தின் கடனை விடச் சம்மதமான வீடு ஒவ்வொரு உலைக்கும் இரண்டாவது பிடி ஒன்று போடட்டும். சம்மதம் இல்லாத வீடு வழக்கம்போல ஒரு பிடியோடு நிற்கட்டும். வழக்கத்தை விடக் கூடிவரும் அரிசியை விற்று மனோகரிக்கு மாதாமாதம் கொடுப்பது. ஆறாயிரத்து முந்நூறும் நிரம்பினால் கடன் தீர்ந்தது. ஏதாவது ஒரு மாதம் முந்நூறுக்குக் குறைந்தால் காணியை விற்பது. ஐயாத்துரை அண்ணை ஓம் என்றார். தம்பிராசா வாத்தியார், தான் சம்மதிக்கவில்லை என்று கூட்டக் குறிப்பில் எழுதச் சொன்னார். எழுதினார்கள்.

முதல் வெள்ளி கடகம் கனத்தது. அறுபது வீட்டுக்கு மேல் இரண்டாம் பிடி போட்டிருந்தார்கள். எனக்குச் சந்தோசம். அக்காவுக்கு இல்லை. அம்பிகை என்ற ஒருத்தியின் வீட்டைத் தாண்டியதும் அக்கா நின்றுவிட்டார். அம்பிகைக்கு ஆறு பிள்ளைகள், புருசனுக்கு நிரந்தரத் தொழில் இல்லை. அவள் முட்ட முட்ட நிரம்பிய பெட்டியை எங்கள் கண் முன்னால் கவிழ்த்திருந்தாள்.

“எங்களைக் கண்ட வெக்கத்துக்குப் போட்டவள். பிள்ளையளின்ரை வயித்தை நாங்கள் கட்டிப்போட்டு வாறம்” என்றார்.

அடுத்த வெள்ளி இரண்டு கடகத்தின் வாயிலும் பழைய சீலைத்துண்டு கட்டியிருந்தார். ஒரு பக்கம் மட்டும் கை போகும் அளவுக்குத் திறப்பு. பெட்டியைத் துணிக்குக் கீழே கொண்டுபோய்க் கவிழ்க்க வேண்டும். அந்த நேரம் நாங்கள் இருவரும் ஒழுங்கைப் பக்கம் திரும்பி நிற்போம். அந்தக் கிழமை சில கொத்து அரிசி குறைந்தது. இனி இதுதான் உண்மையான அரிசி என்று அக்கா ஆறுதலாகச் சொன்னார். ஆனால் அதே கணக்கில் போனால் மாதம் முந்நூறைத் தொடுமா என்பது சந்தேகமாகவே இருந்தது.

இதற்குள் அவர் ஒரு பிழையும் விட்டிருந்தார். செல்லாச்சியக்காவின் வாசல் படலையை நாங்கள் இரண்டு வெள்ளியும் தாண்டிப் போனோம். மகனின் கடனுக்குத் தாயிடமே அரிசி கேட்பது எப்படி என்ற இரக்கம்தான். எனக்கும் அது சரியாகவே பட்டது. மூன்றாம் வெள்ளி செல்லாச்சியக்கா ஒழுங்கையின் நடுவில் பெட்டியோடு நின்றார்.

“மீனாம்பிகை, எங்கடை வீட்டிலை உலை வைக்கிறேல்லையோ?”

செல்லாச்சியக்கா பெட்டியை அக்காவின் முன்னால் நீட்டினார்.

“முப்பது வருசமாய் இந்தப் படலைக்குள்ளை வந்தனீர். இப்ப தாண்டிப் போறீர். காணி போனால் போகட்டும். ஊர் எங்களைத் தள்ளி வைச்சதெண்டு என்ரை பிள்ளை நினைக்கிறான். ரெண்டு நாளாய்ச் சாப்பிடேல்லை.”

“அப்பிடி இல்லை, செல்லாச்சியக்கா. உங்களிட்டைக் கேக்கக் கூச்சமாய் இருந்தது.”

“கூச்சம் உமக்கு. வெக்கம் எங்களுக்கு.”

அக்கா கடகத்தை நிலத்தில் இறக்கி வைத்துவிட்டு, செல்லாச்சியக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தன்னில்தான் பிழை என்றார். பிறகு நாங்கள் இருவரும் திரும்பி நின்றோம். துணிக்குக் கீழே அரிசி விழுகிற சத்தம் கேட்டது. எவ்வளவு போட்டார் என்று தெரியாது. அடுத்த வெள்ளியோடு முதல் மாதம் முடிந்தது. கூடிவந்த அரிசி முந்நூற்று ஏழு ரூபாவுக்கு விலைப்பட்டது. மனோகரி தகரப் பெட்டியோடு பஸ் ஏறினாள்.

அதற்குப் பிறகு இருபது மாதம். கப்பலும் பஸ்ஸும் நின்று அரிசி விலை ஏறிய மாதங்களும் உண்டு. எங்கள் கடகத்து அரிசிக்கும் அப்போது விலை ஏறியதால் தப்பினோம். ஒரு மாதம் மூன்று ரூபா குறைந்தது. தன் இடியப்பத் தட்டுகளை விற்று அதை நிரப்பியதாக அக்கா பிறகு எனக்குச் சொன்னார். அம்பாளறிய, அது மட்டும்தான் அவர் செய்த கள்ளம்.

எண்பத்தேழு பங்குனியில் கணக்கு நிரம்பியது. ஐயாத்துரை அண்ணை காணி உறுதியை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். நாங்கள் கொண்டுபோனபோது குலசிங்கம் மெசின் எண்ணெய்க் கையோடு எழும்பி வந்தான். உறுதியை வாங்கித் தாயிடம் கொடுத்துவிட்டு, எந்தெந்த வீடுகள் இரண்டாம் பிடி போட்டன என்று கேட்டான். பெயர்களை எழுதித் தரச் சொன்னான்.

“பேர் இல்லை, தம்பி. நாங்கள் பாக்கேல்லை.”

அவன் நம்பவில்லை. பிறகு நம்பினான். அதிலிருந்து அவன் செய்த வேலை வினோதமானது. ஊரில் எந்த வீட்டு மெசினைத் திருத்தினாலும் சாமான் காசு மட்டும் வாங்கினான், கூலி வாங்கவில்லை. யாருக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்று தெரியாதபோது யாரிடம் கூலி கேட்பது என்றானாம். இரண்டு மாதத்தில் அவன் வீட்டில் அடுப்பு எரிவதே அரிதாகிவிட்டது. செல்லாச்சியக்கா வந்து அழுதார். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு அவனிடம் போனார்.

“ஊர் கடனை விட்டது, நீர் ஆயுசுக்கும் ஊழியம் செய்யிறதுக்கில்லை. விட்டது விட்டதுதான். கொம்மா கூலி இல்லாமல் எதைக் காய்ச்சிறது?”

“ஒரு பிடி மட்டும் போட்ட வீட்டிலை வாங்கலாம், மாமி. ரெண்டு பிடி போட்ட வீட்டிலை எப்பிடி வாங்கிறது?”

“ரெண்டு வீட்டிலையும் தண்ணி இறைக்க மெசின் வேணும். ரெண்டு வீட்டிலையும் வாங்கும்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டு ஸ்பானரைத் துடைத்தான். அன்று அவன் கையில் கழற்றிக் கிடந்தது தம்பிராசா வாத்தியார் வீட்டு மெசின். பின்னேரம் அதைக் கொண்டுபோய்ப் பூட்டி ஓடவிட்டு, இருபது ரூபா கூலி என்றிருக்கிறான். வாத்தியார் மெசினைச் சுற்றிப் பார்த்தார், நிற்பாட்டிப் பார்த்தார், திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். பதினைந்துக்கு மேல் தர ஏலாது என்றார். குலசிங்கம் பதினெட்டில் நின்று வாங்கிக்கொண்டு வந்தான்.