கருப்பாத்தாளின் ‘க’

“அழகாத்தான் இருக்குதுங்க அம்மணி... ஆனா இது என்ற கையெழுத்து இல்லீங்களே!”

போன வியாழக்கிழமை, காந்திபுரத்தில் இருக்கும் என் டிசைன் சென்டரில் உட்கார்ந்து கருப்பாத்தாள் அக்கா இப்படிச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. பின்னே? என்னிடம் இருப்பதிலேயே அழகான ஃபான்ட்டில் அல்லவா அவர் பெயரைப் போட்டுக் காட்டினேன்!

அக்காவுக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கம். தேங்காய் எண்ணெய் ஆட்டி, டின் டின்னாக விற்கிறார். ஒவ்வொரு டின்னிலும் தன் பெயரைத் தானே பிரஷ்ஷால் எழுதுவார். இப்போது கோவையில் ஒரு பெரிய கடை எண்ணெயை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறது. ஒரே நிபந்தனை... டின்னுக்கு டின் எழுத்து மாறக்கூடாது. திங்கட்கிழமை சரக்கு வந்தாக வேண்டும். அதனால் பெயின்ட் அடிக்க ஒரு ஸ்டென்சில், அதாவது எழுத்து வடிவில் ஓட்டை போட்ட தகடு, வெட்டிக்கொள்ள, மகன் செந்திலோடு வந்திருந்தார்.

“கம்ப்யூட்டர் எழுத்தே இருக்கட்டும்மா. நேரமில்ல” என்றார் செந்தில்.

“நாப்பத்தஞ்சு வயசுல முதியோர் பள்ளிக்கோடம் போயிக் கத்துக்கிட்டேன் கண்ணு. அதுக்கு முந்தி கைநாட்டு. என்ற பேரு என்ற எழுத்துலதான் போகோணும்.”

ஓர் அட்டையைக் கொடுத்தேன். பிரஷ்ஷால் எழுதினார். ஸ்கேன் செய்து, ஒவ்வொரு தீற்றலின் ஓரத்தையும் மவுஸால் புள்ளி புள்ளியாகச் சுற்றி வந்தேன். பிசிறுகளைச் சரிசெய்தேன். பிறகு ஒரு செவ்வகம் போட்டு, அதிலிருந்து எழுத்துகளை வெட்டி எடுத்தேன். ஸ்கிரீனில் எழுத்தின் வடிவத்திலேயே பளிச்சென்று ஓட்டை!

மெஷின் அதைப் பிளாஸ்டிக் ஷீட்டில் அறுத்துத் தந்தது. தூக்கிப் பார்த்தால்... மற்ற எழுத்துகளின் சுழிகள் பிரஷ்ஷிலேயே அடைந்துபோயிருந்தன; ஆனால் ‘க’வின் வயிற்றுக்குள் இருந்த குட்டித் துண்டு, பிடிமானம் இல்லாமல் கீழே விழுந்துவிட்டது. இதில் பெயின்ட் அடித்தால் ‘க’ வெறும் பெயின்ட் திட்டுதான்.

“எங்கியாவது ஒட்டிக்கிட்டு நிக்கற மாதிரி விடோணுங்க அக்கா. எழுத்து உடைஞ்சு தெரியும்” என்றேன், சங்கடத்தோடு.

அக்கா அட்டையை எடுத்து விரல் வைத்தார். “இங்க பாருங்க அம்மணி. சுழிச்சுப்போட்டு பிரஷ்ஷத் தூக்குவனுங்க. எப்பவும் இந்த எடத்துல பெயின்ட்டு புடிக்காது. இங்கயே உடுங்களேன்.”

பார்த்தேன். உண்மைதான். அங்கே ஒரு கீற்று வெள்ளை இருந்தது. பிசிறு என்று நினைத்து, அதை அடைத்துத் தொலைத்தது சாட்சாத் நானேதான்!

அடைத்ததைத் திறந்துவிட்டு மறுபடி வெட்டினேன். துண்டு அசையவில்லை.

அவர்கள் கொண்டுவந்திருந்த டின்களில் முதல் டின்னுக்கு வாசலிலேயே பெயின்ட் அடித்தோம். அக்கா ஷீட்டை மெல்ல எடுத்தார். அவர் கை இழுத்தது போலவே ஒவ்வொரு எழுத்தும் வந்திருந்தது. செந்தில் அடுத்த டின்னைத் துடைக்க ஆரம்பித்தார். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தார்.

“கருப்பாத்தாள்... ஆருங்க அது?”

அக்கா முதுகை நிமிர்த்திக்கொண்டார். “நாந்தானுங்க!”

அந்தக் குரலுக்குப் பொருத்தமான ஃபான்ட், சத்தியமாக என் கம்ப்யூட்டரில் இல்லை.